ஊசி மலையேறட்டும்!

வெள்ளிமலை! பெயரிலேதான் வெள்ளி. கல்வராயன் மலையிலே சாமையும் மரவள்ளியும் விளைவித்து, கடுக்காய் பொறுக்கி விற்று வாழும் மக்களின் மடியைத் தடவிப் பார்த்தால் தெரியும் சேதி.

அடைமழைக் காலத்திலே அவர்களைத் தேடிச் சளிக்காய்ச்சலும் மலையேறுகிறது. ஃபுளூ என்பார்கள் மருத்துவர்கள். வாலிபனுக்கு வந்தால் நாலு நாள் படுப்பான், கஷாயம் குடிப்பான், எழுந்து மண்வெட்டியைத் தூக்குவான். அறுபதைத் தாண்டிய கிழவிக்கு வந்தால்? நீரிழிவுக்காரருக்கு? இளைப்பு நோயாளிக்கு? பிள்ளைத்தாய்ச்சிக்கு? நுரையீரலிலே சளி கட்டி, மூச்சு முட்டி, கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். இரவிலே! மழையிலே! மலைப்பாதை வளைவுகளிலே!

தடுப்பூசி இல்லையா? இருக்கிறது. கிருமி அடிக்கடி சட்டையை மாற்றிக்கொள்வதால் ஆண்டுதோறும் போடவேண்டும். போட்டால் காய்ச்சலே வராது என்று நாம் புளுகமாட்டோம். வரலாம், ஆனால் உயிரைக் குடிக்கும் அளவுக்கு முற்றுவது குறையும். முதியோர், கர்ப்பிணிகள், நாட்பட்ட நோயாளர்க்கு முதலிடம் தருக என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆனால் நாட்டின் இலவசத் தடுப்பூசித் திட்டத்திலே இதற்கு இடமில்லை! காசை எண்ணி வைத்துத் தனியாரிடம் போட்டுக்கொள்ளவேண்டும். சீமான் வீட்டுத் தாத்தாவுக்கு ஊசி. அரிசி ஆலையிலே நாற்பதாண்டு தவிட்டுத் தூசியை விழுங்கிய தாத்தாவுக்கு இருமலா?

முடியாத காரியமா, தோழர்களே? 2021ஐ எண்ணிப் பாருங்கள். மார்ச் 1 முதல் அறுபது கடந்தோர்க்கும், நோயுள்ள நாற்பத்தைந்து வயதினர்க்கும் கொரோனா ஊசி போட்டார்களே! மே மாதம், இளவயதினர்க்கு மாநிலங்களே விலை கொடுத்து வாங்கட்டும் என்று கைவிரித்தது டில்லி. எதிர்ப்பு எழுந்தது. ஜூன் 21 முதல் டில்லியே வாங்கித் தந்தது. குளிர்ப்பெட்டியிலே ஏறி ஊசி மலைக்கும் போயிற்று. கொரோனாவுக்குத் திறந்த கஜானா ஃபுளூவுக்கு ஏன் பூட்டிக்கொள்கிறது?

"ஊசி போட்டால் செத்துப்போவோம்" என்ற வதந்தியும் அன்று கிளம்பிற்று. பெரியம்மையை ஆத்தாள் என்று கும்பிட்ட நாடு இது. 1975க்குப் பிறகு அந்த ஆத்தாள் இந்தியாவிலே எவர் வீட்டுக்கும் வரவில்லையே, வேப்பிலையா விரட்டிற்று? ஊசியன்றோ!

யாருக்குப் போடுவது என்று அதிகாரிகள் திணறவேண்டாம். 2021 ஆகஸ்டிலே தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', நீரிழிவு, இரத்தக் கொதிப்பு நோயாளரை வீடு தேடிப் போய்க் கண்டது. அந்தப் பெயர்களிலிருந்தே தொடங்கலாம். மழைக்கு முன்பே, ஆவணியிலே ஊசி வந்துசேரவேண்டும். போட்டபின் பலம் ஏற இரண்டு வாரமாகுமே! இதற்கு மனு எழுதுங்கள். கச்சிராயபாளையம் முதல் வெள்ளிமலை வரை கிளைக்குக் கிளை கையெழுத்து வாங்குங்கள், கைநாட்டானாலும் சரி.