தேம்ஸ் கரையைக் குளிரில் பாருங்கள்!

லண்டனுக்குக் கோடையில்தான் போக வேண்டும் என்று பலர் சொல்வார்கள். தேம்ஸ் நதிக்கரையைப் பொறுத்தவரை அது சரியல்ல. அந்தக் கரையின் அருமையும் தெரிய வேண்டும், குறையும் தெரிய வேண்டும் என்றால், குளிர்காலத்தில்தான் போக வேண்டும்.

அங்கே குளிர் என்றால், எலும்பைத் துளைக்கும் குளிர்! டிசம்பர் மாதத்தில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வாயைத் திறந்தால், புகை போல மூச்சு வெளியே வரும்.

வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் இருந்து பிளாக்பிரையர்ஸ் பாலம் வரை, ஏறத்தாழ 2 கிலோ மீட்டர் தூரம், ஆற்றை ஒட்டியே நடந்து போகலாம். இதற்கு "விக்டோரியா கரை" என்று பெயர். குளிர்காலத்தில் சாலையோர மரங்கள் இலை உதிர்ந்து நிற்கும். கோடையில் இலைகள் மறைத்த ஆறு, அப்போது நன்றாகத் தெரியும்.

மூக்கைத் துளைத்த நாற்றம்

இந்தக் கரை தானாக வந்தது அல்ல.

1858-ம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதி வெறும் சாக்கடையாக நாறியது. நாற்றம் பொறுக்காமல், பார்லிமெண்டின் ஜன்னல் திரைகளை மருந்துக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். காலராவில் ஏழைகள் ஆயிரக்கணக்கில் மாண்டபோது மெத்தனமாக இருந்த பார்லிமெண்டு, தன் மூக்கைத் துளைத்ததும் விழித்துக்கொண்டது. சில வாரங்களில் சட்டம் வந்தது.

ஜோசப் பேசல்ஜெட் என்ற என்ஜினீயர், ஆற்றின் ஓரத்தைத் தூர்த்துக் கருங்கல் சுவர் எழுப்பினார். உள்ளே பெரிய சாக்கடைக் குழாய். பக்கத்தில் சுரங்க ரெயில். மேலே சாலையும் நடைபாதையும். 1870-ல் இந்தக் கரை திறக்கப்பட்டது.

மீட்ட நிலம் யாருக்கு?

புதிதாகக் கிடைத்த நிலத்தில் காரியாலயங்கள் கட்ட அரசாங்கம் விரும்பியது. டபிள்யு. எச். ஸ்மித் என்ற பார்லிமெண்டு உறுப்பினர் விடவில்லை. "மக்கள் உலாவும் இடமாக இருக்கட்டும்" என்ற கட்சியில் நின்று போராடினார். அதனால்தான் இன்று அங்கே பூங்கா இருக்கிறது.

அவர் செய்ததே சரி. ஆறு யாருடைய சொத்தும் அல்ல. ஆற்றின் கரையும் அப்படித்தான். பணக்காரன் காரில் போகலாம். பணம் இல்லாதவன் காற்று வாங்க எங்கே போவான்?

ஆற்றின் மேல் சந்தை

ஒரு காலத்தில் தேம்ஸ் நதியே உறைந்துபோகும். பனிக்கட்டி மேல் கடை போட்டுச் சந்தை நடத்துவார்கள். 1814-ல் நடந்ததுதான் கடைசிச் சந்தை. பல சிறு வளைவுகளால் தண்ணீரைத் தேக்கிய பழைய லண்டன் பாலத்தை 1831-ல் இடிக்கத் தொடங்கினார்கள். பிறகு கரைச் சுவர்கள் எழும்பி ஆறு குறுகியது, ஓட்டம் வேகமானது. குளிரின் கடுமையும் குறைந்தது. லண்டன் நகருக்குள் இப்போது ஆறு உறைவதில்லை.

ஆனால், கரையில் மனிதர்கள் உறைகிறார்கள்!

பெஞ்சில் படுப்பவர்கள்

விக்டோரியா கரையின் பெஞ்சுகள் அழகானவை. அவற்றின் இரும்புக் கைகளில் ஒட்டக உருவங்கள் உண்டு. பகலில் அங்கே உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கலாம். இரவிலோ, வீடு இல்லாதவர்களுக்கு அந்தக் கரையே வீடு. ஜார்ஜ் ஆர்வெல் என்ற எழுத்தாளர் 1933-ல் வெளியிட்ட நூலிலேயே அவர்களைப் பற்றி எழுதினார். இன்றும் லண்டன் தெருக்களில், குளிர் இரவில் போர்வைக்குள் சுருண்டு கிடப்பவர்களைக் காணலாம்.

அவர்களை எழுப்பி விரட்டுவது பரிகாரம் அல்ல. ஒரு பெஞ்சில் இருந்து விரட்டினால், இன்னொரு பெஞ்சுக்குப் போவார்கள். குளிரும் கூடவே போகும். அவர்களுக்கு வேண்டியது ஒரு கூரை.

ஆற்றைச் சுத்தமாக்க, லண்டன் நகரம் 25 கிலோ மீட்டர் நீளத்தில் இன்னொரு சுரங்கச் சாக்கடையைக் கட்டி, 2025-ல் முழுமையாக இணைத்தது. இத்தனை பெரிய வேலையைச் செய்யத் தெரிந்த நகரத்துக்கு, வீடு இல்லாதவனுக்கு ஓர் அறை கொடுக்கத் தெரியாதா?

மனம் உண்டானால் மார்க்கம் உண்டு. நாற்றம் மூக்கைத் துளைக்கும் வரை அன்று காத்திருந்தார்கள். குளிருக்கு நாற்றம் இல்லை. அது மாளிகைக்குள் நுழைவதும் இல்லை. அதனால் அதை மறந்துவிடலாமா?