காரைக் கண்டுபிடித்தவர் ஃபோர்டு அல்ல

"காரைக் கண்டுபிடித்தவர் யார்?" போன வாரம் பேரனின் பள்ளி வினாடி வினாவில் வந்த கேள்வி. அவன் "கார்ல் பென்ஸ்" என்று எழுதியிருக்கிறான். விடைத்தாளில் இருந்ததோ "ஹென்றி ஃபோர்டு". மதிப்பெண் போயிற்று. "ஒரு மார்க்குதானே, விடுங்கப்பா" என்றான் என் மகன். என்னால் விட முடியவில்லை.

பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1886 ஜனவரி 29. ஃபோர்டு தன் முதல் வண்டியைத் தெருவில் ஓட்டியது 1896இல். பத்து வருஷம் கழித்து வந்தவர் எப்படி ஐயா கண்டுபிடித்தவர் ஆவார்?

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன், பிரான்சுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று நினைக்க வேண்டாம். பீரங்கி இழுக்க குன்யோ செய்த நீராவி வண்டி பாரிஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. 1770இல் செய்தது. அதைக் கார் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் எஞ்சினை முன்னால் வைத்து, பின்சக்கரங்களை ஓடச் செய்யும் அமைப்பை 1891இல் கொண்டுவந்தது பாரிஸின் பனார்–லெவசோர் கம்பெனி. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் உலகத்துக் கார்களில் பெரும்பாலானவை அந்த அமைப்பில்தான் வந்தன. கராஜ், சாசி, ஷோஃபர் எல்லாமே பிரெஞ்சுச் சொற்கள். ஷோஃபர் என்றால் சூடேற்றுபவன், நீராவிக் கொதிகலனுக்குத் தீ மூட்டியவன்!

இதில் இரண்டு பெண்களை யாருமே சொல்வதில்லை. பென்ஸின் மனைவி பெர்த்தா 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிப் போனார். வழியில் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். அடைத்த குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். வண்டி வெறும் விளையாட்டுச் சாமான் இல்லை என்று ஊருக்குக் காட்டியது அந்தப் பயணம். இன்னொருவர் லூயிஸ் சராசேன். கணவர் இறந்த பிறகும் டைம்லர் எஞ்சினின் பிரான்ஸ் உரிமையைக் கைவிடாமல் காத்தவர். பிறகு லெவசோரை மணந்தார். அவர் பிடிவாதம் இல்லாவிட்டால் பனார்–லெவசோர் கார் ஏது?

ஃபோர்டின் பெருமையை நான் மறுக்கவில்லை. 1908இல் 850 டாலருக்கு விற்ற மாடல் டியை, நகரும் தொடர் வரிசை வைத்துப் பின்னாளில் 300 டாலருக்கும் கீழே கொண்டுவந்தார். அது பெரிய காரியம். ஆனால் கோப்பைத் தொடங்கியவர் வேறு, வேகமாக நகர்த்தியவர் வேறு. அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பள்ளிக்குக் கடிதம் எழுதினேன். பேரன் கொண்டுபோகக் கூச்சப்பட்டான். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.