சித்திரக்கதை என்று ஒதுக்கலாமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

இளைஞர் உள்ளம் புதுமையை நாடும், வீரத்தைக் கண்டு வியக்கும், நட்புக்காக உருகும். இம்மூன்றும் ஓரிடத்தில் கிடைக்குமானால் அங்கே கூட்டம் சேருவதில் வியப்பில்லை. அவ்வாறு உலகெங்கும் கூட்டம் சேர்த்த ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றைப் பற்றி இங்கு எழுத முனைகிறேன். அதன் பெயர் 'ஒன் பீஸ்'. நம் மாணவ நண்பர்களிலும் அதைக் கைப்பேசியில் விடாமல் தொடர்பவர் பலர். "கல்லூரியில் படிக்கும் பிள்ளை பொம்மைக் கதை பார்க்கிறானே!" என்று பெரியவர்கள் கடிந்துகொள்வதும் உண்டு. அது பொழுதுபோக்கு என்பதில் ஐயமில்லை. வெறும் பொழுதுபோக்கு மட்டும்தானா என்பதே கேள்வி.

வளர்ந்த வரலாறு

ஜப்பானில் 1968-இல் தொடங்கப்பெற்ற இதழ் 'ஷோனென் ஜம்ப்'. நட்பு, முயற்சி, வெற்றி என்னும் மூன்று சொற்களே அதன் தாரக மந்திரம். வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த மூன்று கதைகளை அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவார்கள். வாக்குக் குறைந்த கதை விரைவில் நிறுத்தப்படும். இத்தகைய கடும் போட்டியில் வளர்ந்த அவ்விதழ், 1995-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரே வாரத்தில் 65 லட்சம் படிகளை எட்டியது. அதன் பின்னர் 'டிராகன் பால்' 1995-இலும், 'ஸ்லாம் டங்க்' 1996-இலும் முடிவுற, விற்பனை சரிந்தது.

இந்த நிலையில்தான் 1997 ஜூலையில் எய்ச்சிரோ ஓடா என்னும் 22 வயது இளைஞர் 'ஒன் பீஸ்' கதையைத் தொடங்கினார். ஐந்தே ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். கால் நூற்றாண்டு கடந்தும் கதை முடிந்தபாடில்லை. 2021-இல் நூறாவது தொகுதி வெளிவந்தது. தனி ஒருவர் படைத்த சித்திரக்கதைகளில் மிக அதிகப் படிகள் அச்சானது இதுவே என்று 2015-இல் கின்னஸ் ஏடு பதிவு செய்தது. அன்றைய கணக்கே 32 கோடிக்கு மேல்!

கதை தொடங்கிய காலத்தையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் பொருளாதாரம் சரிந்தது. பட்டம் பெற்ற இளைஞர்கள் வேலையின்றித் திண்டாடினர். பெரிய நிறுவனம் ஒன்றில் நுழைந்துவிட்டால் ஓய்வு பெறும்வரை கவலையில்லை என்ற நம்பிக்கை ஆட்டங்கண்டது. அந்த நேரத்தில், யார் தயவையும் எதிர்பாராமல் சிறு படகேறிக் கடலுக்குப் புறப்பட்ட ஒருவனின் கதை அவர்கள் நெஞ்சைத் தொட்டதில் வியப்பென்ன?

தனிமரம் தோப்பாகாது

கதைத் தலைவன் லூஃபி. வைக்கோல் தொப்பி அணிந்தவன். மாயப் பழம் ஒன்றைத் தின்றதால் அவன் உடல் ரப்பராக நீளும். அதற்கு விலையாக நீந்தும் ஆற்றலை இழந்தான். நீந்தத் தெரியாதவன் கடற்கொள்ளையர் தலைவனாகப் புறப்படுகிறான்! அவனுக்கு வாள்வீச்சு வராது, கடல்வழி தெரியாது, சமைக்கவும் தெரியாது. பிறர் துணையின்றித் தன்னால் உயிர்வாழவே முடியாது என்று எதிரியின் முன்னே நின்று வெட்கமின்றிச் சொல்கிறான். தன் குறையை அறிந்தவனே துணையைத் தேடுவான். ஆகவே வாள்வீரன், வழிகாட்டி, குறிதவறாது சுடுபவன், சமையற்காரன், மருத்துவன், வரலாற்றாய்வாளர், தச்சன், இசைவாணன், சுக்கான் பிடிப்பவன் என்று ஒவ்வொருவராகச் சேர்கின்றனர். ஒருவர் வேலையை மற்றவர் செய்ய இயலாது. கப்பலில் எல்லோருக்கும் இடமுண்டு என்பதைக் காட்டிலும், எல்லோரும் அங்கே தேவைப்படுகிறார்கள் என்பதே பெரிது.

சண்டைக் காட்சிகளால்தான் இக்கதை புகழ்பெற்றது என்பார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. அடிதடி எந்தக் கதையிலும் கிடைக்கும். அந்த அடி ஏன் விழுகிறது என்பதை நம் கண்ணில் நீர்வரச் சொல்வதில்தான் ஓடாவின் திறமை இருக்கிறது.

வெறுப்பின் வேர்

ஓர் எடுத்துக்காட்டு கூறுவேன். வழிகாட்டியாக வரும் பெண் நாமி. மீன்மனிதர் இனத்தைச் சேர்ந்த ஆர்லாங் என்பவன் அவளுடைய ஊரைக் கைப்பற்றுகிறான். உயிரோடு இருப்பதற்கே மாதந்தோறும் வரி கேட்கிறான். கொடுக்க வழியில்லாத அவளுடைய வளர்ப்புத் தாயைச் சுட்டுக் கொல்கிறான். சிறுமியான நாமியை அடைத்துவைத்துக் கடற்படங்கள் வரையச் செய்கிறான். லூஃபி வந்து அவனை வீழ்த்துகிறான். தீயவன் ஒழிந்தான் என்று நாமும் கைதட்டுகிறோம்.

ஆனால் கதை அத்துடன் நிற்கவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து, மீன்மனிதரின் நாட்டுக்கே ஆசிரியர் நம்மை அழைத்துச் செல்கிறார். அங்கேதான் அவ்வினத்தார் மனிதரால் பட்ட கொடுமை தெரியவருகிறது. பிறப்பினாலேயே தம்மைத் தேவர்களாகக் கருதும் ஒரு கூட்டம், அவர்களைப் பிடித்து அடிமையாக்கி முதுகிலே சூடு போடுகிறது. ஃபிஷர் டைகர் என்னும் வீரன் அடிமைகளை விடுவிக்கிறான். அந்தத் தழும்பின் மேல் கதிரவன் உருவைப் பொறித்து, யார் அடிமையாக இருந்தவர், யார் இல்லாதவர் என்பதே தெரியாதபடி செய்கிறான். அவன் கூட்டத்தில் இருந்தவன்தான் ஆர்லாங்! ஒடுக்கப்பட்டவனே இன்னொரு சிற்றூரை ஒடுக்கினான்.

அதற்கடுத்த தலைமுறையில் ஹோடி என்பவன் வருகிறான். மனிதர்கள் உனக்கு என்ன தீங்கு செய்தார்கள் என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பதே அவன் விடை. தான் காணாத கொடுமைக்காக, தன்னை எதிர்க்காதவரையும் கொல்லத் துணிகிறான். வெறுப்பும் ஒரு குடும்பச் சொத்தைப் போலத் தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எவரால் சொல்ல முடியும்? பிறப்பைக் கொண்டு மனிதனை எடைபோடும் பழக்கம் இன்னும் ஒழியாத நம் நாட்டு மாணவனுக்கு இப்பகுதி பாடமாகவே அமையும்.

குறைகளும் உண்டு

நிறைகளை மட்டும் கூறுவது திறனாய்வு ஆகாது. கதையின் நீளம் பொறுமையைச் சோதிக்கிறது. பெண்களை வரையும் முறையில் கண்ணியம் குறைவு. இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று எனக்குத் தோன்றுகிறது. முயற்சியால் உயர்பவன் என்று நாம் நம்பிய லூஃபிக்குப் பாட்டனார் கடற்படையின் துணைத்தளபதி. தந்தையார் புரட்சிப் படையின் தலைவர். வேடிக்கையான ரப்பர் பழமும் உண்மையில் ஒரு கதிரவக் கடவுளின் ஆற்றல் கொண்டது என்று 2022-இல் வெளிப்பட்டது. அப்படியானால் வெற்றிக்கு வம்சமும் தெய்வ அருளும் வேண்டுமா? எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். பாட்டன் பெயரைச் சொல்லி எந்தக் கதவும் திறக்காத என் போன்றோருக்கு இது நெருடத்தான் செய்கிறது.

ஆயினும் அதே கதையில் கோபி இருக்கிறான். கொள்ளையர் கப்பலில் தரை துடைத்த அழுமூஞ்சிச் சிறுவன். கடற்படையில் சேர வேண்டும் என்ற ஆசையைச் சொல்லவே அஞ்சியவன். வம்சமும் இல்லை, மாயப் பழமும் இல்லை. பயிற்சி ஒன்றையே நம்பிக் கேப்டன் பதவிக்கு உயர்கிறான். அரச குடும்பத்தில் பிறந்தும் வலிமையற்றவன் என்று ஒதுக்கப்பட்ட சான்ஜிக்கு, சோறிட்டு வளர்த்த சமையற்காரரே தந்தையாகிறார். லூஃபியோ தன் தந்தை யாரென்று அறிந்த பின்னும் அதைப் பொருட்படுத்துவதில்லை. கதாசிரியர் தலைவனுக்கு வம்சத்தைக் கொடுத்தார். கப்பலிலோ எவரும் வம்சம் கேட்பதில்லை. அந்தக் கப்பலையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஏட்டுக்கு அப்பால்

2016-இல் ஓடா பிறந்த குமமோட்டோ பகுதியை நிலநடுக்கம் தாக்கியது. மீட்சியின் அடையாளமாகக் கதைமாந்தரின் வெண்கலச் சிலைகள் அங்கே பல ஊர்களில் எழுப்பப்பட்டன. 2025-இல் இந்தோனேசியாவிலும் நேபாளத்திலும் இளைஞர்கள் தங்கள் அரசுகள் மீதான சினத்தைக் காட்ட வைக்கோல் தொப்பிக் கொடியை ஏந்தினர். கொடி ஏந்தியதால் மட்டும் குறை தீர்ந்துவிடாது. ஆயினும் மொழி வேறான நாடுகளின் இளைஞர்கள் அநீதி என்றதும் ஒரே கதையை நினைத்தார்கள் அல்லவா?

எனவே, நண்பர்களே! படத்துடன் வருவதால் ஒரு கதை தாழ்ந்ததாகிவிடாது. உலகம் புகழ்வதால் உயர்ந்ததாகியும் விடாது. தேர்வுப் பாடத்தை முடித்துவிட்டுப் படியுங்கள். சண்டையைப் பார்த்து ஆரவாரம் செய்வதோடு நில்லாமல், அந்தச் சண்டை யாருக்காக என்றும் கேளுங்கள். நம் வகுப்பறையும் ஒரு கப்பல்தான். அதில் எவருடைய ஊரையும் வம்சத்தையும் விசாரிக்காமல் பக்கத்தில் இடம் கொடுக்க நாம் கற்றுக்கொண்டால், பொம்மைக் கதை பார்த்த நேரம் வீணாகவில்லை என்று வீட்டுப் பெரியவர்களிடம் துணிந்து சொல்லலாம்.