திரை இருண்ட நாளில்



கடந்த வாரம் நம் சபை அலுவலகக் கணினியின் திரை இருண்டுபோனதையும், அதற்காக ஒரு வாலிபன் குற்றஞ்சாட்டப்பட்டதையும் உங்களில் பலர் அறிவீர்கள். குற்றஞ்சாட்டியவர்களில் நானும் ஒருவன்.

போடிமெட்டில் சாரல் தொடங்கினால் மின்சாரம் போவதும் வருவதும் நமக்குப் புதிதல்ல. அன்றும் போய் வந்தது. வாலிபன் கணினியை மறுபடியும் இயக்கினான். பெட்டிக்குள் விசிறி சுழன்றது. திரையோ கருமையாகவே நின்றது. ஞானஸ்நானப் பதிவேடுகள் யாவும் அழிந்தன என்ற பேச்சு ஆராதனை முடியுமுன்னே பரவிற்று. புதிய மானிட்டர் வாங்கவும் கமிட்டியார் ஆயத்தமானார்கள்.

இதில் இரண்டு தவறுகள் உண்டு என்பது என் கருத்து. மானிட்டர், பெட்டி அனுப்புவதைக் காட்டும் பலகணியே. பதிவேடுகள் இருப்பது பெட்டிக்குள் உள்ள ஹார்டு டிஸ்கில். பலகணி இருண்டதால் வீடு இடிந்தது என்று எவரும் சொல்லுவதில்லையே.

மானிட்டரின் ஓரத்திலுள்ள சிறு விளக்கை முதலில் நோக்குங்கள். அது எரியாவிட்டால் மின்கம்பியைப் பாருங்கள். மஞ்சளாய் எரிந்தாலோ மினுங்கினாலோ, பெரும்பாலும் மானிட்டர் நலமே. பெட்டியிலிருந்து சமிக்ஞை வரவில்லை என்று பொருள். கேபிளை இருமுனையிலும் கழற்றி இறுக்குங்கள். விஜிஏ, எச்டிஎம்ஐ இவற்றில் சரியான வழி தெரிந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸ் சின்னம் தோன்றியபின் இருண்டால், குறை பெரும்பாலும் டிஸ்பிளே டிரைவரில். சேஃப் மோடில் திறந்து அதைச் சரிசெய்யலாம். சின்னமே தோன்றாவிட்டால் ரேமைச் சந்தேகிக்க வேண்டும்.

நமக்கு நேர்ந்தது அதுவே. போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மெக்கானிக் வரவேண்டியதில்லை; தொலைபேசியிலேயே வழி சொன்னார். வாலிபன் மின்கம்பியைப் பிடுங்கி, ரேமை வெளியே எடுத்து, அதன் தங்கநிற முனைகளை பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, மறுபடியும் பொருத்தினான். திரை வெளிச்சமாயிற்று. ஒரு பதிவும் குறையவில்லை.

மழைக்கால ஈரத்தில் அம்முனைகளில் படலம் படிந்திருந்தது. மறுபடி இயக்கியது அப்பழுதை வெளிப்படுத்திற்று, உண்டாக்கவில்லை. கடைசியாய்த் தொட்ட கையே கெடுத்த கை என்று நாம் தீர்ப்பிட்டோம். அந்தக் கை பதினெட்டு வயதுக் கையாயிருந்தால் தீர்ப்பு இன்னும் விரைவாக வருகிறது.

உங்களில் அநேகர் ஏலத்தோட்டங்களை நம்பியிருக்கிறீர்கள். போடியில் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலமும் இப்போது கணினித் திரைகளின் வழியேதான் நடக்கிறது. அங்கே ஒரு திரை இருண்டால், வியாபாரி தன் பணத்தைத் தொலைத்தான் என்றா சொல்லுவீர்கள்?

அவ்வாலிபனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். கமிட்டியாரும் கேட்கவேண்டும், தனியறையில் அல்ல, பேச்சு பரவிய அதே வராந்தாவில். மானிட்டருக்கென்று ஒதுக்கிய தொகையில் ஒரு யுபிஎஸ்ஸும், பதிவேடுகளை வாரந்தோறும் நகலெடுக்க ஒரு பென் டிரைவும் வாங்கும்படி வேண்டுகிறேன். நகலெடுக்கும் பொறுப்பை அவனிடமே ஒப்படைப்போம்.