வானத்திலும் ஒரு தோட்டமா?

இணையவழி ஆடப்படும் விண்வெளிப் பாவனை விளையாட்டுகள் குறித்துப் பல்கலைக்கழக வட்டாரங்களில் இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. பொழுதை வீணாக்கும் சிறுபிள்ளைத்தனம் என அவற்றை ஒதுக்குவோர் ஒரு சாரார். பிறப்பும் ஊரும் சாதியும் வர்க்கமும் அற்ற சமத்துவ வெளி என அவற்றைப் போற்றுவோர் மறுசாரார். முன்னவர் அறியாமையாற் பேசுகின்றனர். பின்னவர் அறிந்தும் மயங்குகின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையில் அகப்பட்டு நிற்பவன், பொகவந்தலாவை போன்ற தோட்டப்புறமொன்றிலிருந்து அவ்வானத்தினுட் புதிதாகக் காலடி வைக்கும் இளைஞனே. அவனுக்கு எவரும் உண்மையைச் சொல்வதில்லை.

முதற் சாராருக்குரிய விடை சுருக்கமானது. இவ்வகை விளையாட்டின் மூலவடிவமான 'எலைற்', 1984இல் டேவிட் பிறேபன், இயன் பெல் என்னும் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் இருவரால் ஆக்கப்பட்டது. கையில் நூறு கிரெடிற்றும் ஒரு கப்பலும் கொடுத்து, 'இனிப் பிழைத்துக்கொள்' என்று ஆடுவோனை அது விண்வெளியில் விட்டது. ஐஸ்லாந்து நாட்டின் சீசீபீ நிறுவனம் 2003இல் வெளியிட்ட 'ஈவ் ஒன்லைன்' அந்த ஒற்றை மனிதனின் வானத்தை ஆயிரக்கணக்கானோர் ஒரேவேளையில் வாழும் வானமாக்கிற்று. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்களைக் கொண்ட அவ்வுலகிற் கப்பல்களிற் பெரும்பாலானவற்றை ஆடுவோரே கட்டுகின்றனர். அவற்றுக்கான கனிமத்தை ஆடுவோரே தோண்டுகின்றனர். விலையை ஆடுவோரின் சந்தையே தீர்மானிக்கிறது. அச்சந்தையை ஆராய்வதற்கென 2007இல் அந்நிறுவனம் நியமித்த பொருளியலறிஞர் எயோல்ஃபர் குட்முண்ட்சன், 2014இல் அக்குரேரிப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். பொருளியல் அறிஞர் ஒருவர் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்த ஒன்றைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளுதல் புலமைக்கு அழகன்று.

இரண்டாம் சாராரின் கூற்றே ஆழ்ந்து நோக்கற்பாலது. 'அனைவரும் ஒரே வானத்தில் ஆடுகின்றனர். புதியவனுக்கும் பழையவனுக்கும் சட்டம் ஒன்றே. ஆகவே அது சமத்துவம்' என்பது அவர்தம் வாதம். சட்டம் ஒன்றாயிருப்பது மட்டும் சமத்துவமாகாது என்பதை மலையக மக்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

அவ்வுலகிற் சமத்துவத்தைக் குலைக்கும் காரணிகள் மூன்று. முதலாவது காலம். அங்கு ஒருவன் பெறும் திறன்கள் கடிகார ஓட்டத்தோடு வளர்பவை. பயிற்சி இரவு பகலாகத் தானே நடந்துகொண்டிருக்கும். எனவே 2003இல் தொடங்கியவனுக்கும் இன்று தொடங்குபவனுக்கும் இடையிலான இடைவெளி உழைப்பினால் மட்டும் அடைபடுவதன்று. இரண்டாவது பணம். 2016ஆம் ஆண்டு முதல் ஒருவனது திறனைப் பிழிந்தெடுத்து இன்னொருவனுக்கு விற்கும் முறை அங்கு நடைமுறையில் உள்ளது. உண்மைப் பணத்தாற் பெறப்படும் பிளெக்ஸ் என்னும் பண்டத்தை விளையாட்டின் நாணயத்துக்கு விற்கவும் இயலும். அதே ஆண்டு நவம்பரிற் கட்டணமின்றி ஆடும் 'அல்பா' நிலை திறந்துவிடப்பட்டது உண்மையே. ஆயினும் அந்நிலையில் இருப்பவனுக்குக் குறிப்பிட்ட சில கப்பல்களும் திறன்களுமே உரியன; முழு உரிமை மாதக் கட்டணம் செலுத்தும் 'ஒமேகா' நிலைக்கே உண்டு. அக்கட்டணம் 2022 மே மாதத்தில் 19.99 டொலராக உயர்த்தப்பட்டது. 2024 செப்டெம்பரில் வெளியான வர்த்தமானி தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்கூலியை 1,350 ரூபாவென வரையறுத்தது. அக்காலத்து நாணயமாற்று வீதத்திற் கணித்தால், ஒரு மாத விண்வெளி உரிமை, கொழுந்தெடுக்கும் தாயொருத்தியின் நான்கு நாட் கூலியையும் விஞ்சும். மூன்றாவது மொழி. ஜேர்மன், பிரெஞ்சு, ரஷ்யம், யப்பானியம் முதலிய மொழிகளில் ஆடக்கூடிய அவ்விளையாட்டைத் தமிழில் ஆட இயலாது. கப்பலை இழந்தவன் ஏன் இழந்தான் என்பதை அறிவதற்கே ஆங்கிலம் கற்றிருத்தல் வேண்டும்.

இந்நிலையிற் புதியவனுக்கு வழங்கப்படும் அறிவுரை யாது? 'முதலிற் கனிமம் தோண்டு; அதுவே தொடக்கக்காரனுக்கு ஏற்ற தொழில்' என்பதே பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை. 'வென்சர்' என்னும் சிறு தோண்டுகப்பல், தொடக்கப் பயிற்சியை முடிப்பவனுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. அதனை எடுத்துக்கொண்டு விண்கற் பட்டையொன்றுக்குச் சென்று, மலிவான வெல்ட்ஸ்பார் தாதுவை மணிக்கணக்காக அகழ்ந்து, நிலையத்துக்குச் சுமந்துவந்து விற்க வேண்டும். ஆபத்துக் குறைவு, அறிவு அதிகம் தேவையில்லை, ஏதோ கைக்காசு கிடைக்கும் என்று சொல்லப்படுகிறது. காடாய்க் கிடந்த மலைநாட்டுக்கு ஆள் சேர்த்தபோது தென்னிந்தியக் கிராமங்களிற் கூறப்பட்ட ஆறுதலும் ஏறத்தாழ இதுவே.

இவ்வறிவுரையை மறுத்தல் அவசியம். தோண்டுதல் இழிதொழில் என்பதனாலன்று. உழைப்பில் இழிவு எதுவுமில்லை. பேரம் பேசும் ஆற்றல் எதுவுமற்ற இடத்தில் உழைப்பவனை நிறுத்துவதே இங்கு குற்றம். பல கணக்குகளுக்குக் கட்டணம் செலுத்தக்கூடிய பழையவன் ஒரேவேளையிற் பல தோண்டுகப்பல்களை இயக்குகிறான். கட்டணமற்ற அல்பாக் கணக்கை அவ்வாறு மற்றொரு கணக்கோடு சேர்த்து இயக்க விதிகள் இடந்தரா. பெரிய தோண்டுகப்பல்களும் அல்பாவுக்கு எட்டா. எனவே புதியவனது ஒரு கூடைத் தாது, பழையவனது பத்துக் கூடைத் தாது வந்து குவிந்த சந்தையிலேயே விலைபோகிறது. அவன் ஏதேனும் ஒரு கூட்டுறுப்பிற் சேர்ந்தால், வருமானத்தில் ஒரு வீதம் வரியாகக் கழிக்கப்படும். பல கூட்டுறுப்புகள் அவனது தாதுவைச் சந்தை விலையிற் குறைத்தே வாங்கும். நிறுவைத் தராசில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கொழுந்தின் நிறை கழிக்கப்படுவதைக் கண்டு வளர்ந்தவனுக்கு இக்கணக்கு புதிதன்று.

இதனினும் கொடியதொரு சான்றும் உண்டு. 2012ஆம் ஆண்டு முதற் சில காலம், பாதுகாப்பு மிக்கதாகக் கருதப்பட்ட மண்டலங்களில் ஆடுவோர் குழுவொன்று தோன்றித் தோண்டுவோர் அனைவரும் தம்மிடம் அனுமதிச்சீட்டுப் பெறவேண்டுமென்று விதித்தது. ஆண்டுக்கு ஒரு கோடி இஸ்க் அதன் விலை. சீட்டில்லாதவனின் கப்பல் தகர்க்கப்பட்டது. தாக்கியவனின் கப்பலையும் அவ்வுலகின் காவற்படை அழித்தது என்பது மெய். ஆனால் அக்காவற்படை தண்டிக்குமேயன்றிக் காப்பாற்றாது. இதனை விளையாட்டின் விதிகள் தடுக்கவில்லை. கடன்தொகை எழுதிய துண்டோடு தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்ட தொழிலாளியின் வரலாறு மலையகத்தில் 1921ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்தது. அச்சீட்டின் நிழல் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் வானத்தில் எழுந்ததைக் கண்டு சிரிப்பவர் சிரிக்கலாம். வரலாறு கற்றவர் சிரிக்கமாட்டார்.

'விளையாட்டில் தோற்பதை மெய்வாழ்விற் சுரண்டப்படுவதோடு ஒப்பிடுவது மிகையல்லவா?' என வினவுவோர் உளர். வினா நியாயமானதே. லயத்துக் காம்பராவில் ஒழுகும் கூரையும் விண்வெளியில் தகர்ந்த கப்பலும் ஒன்றல்ல. கப்பலை இழந்தவன் கணினியை அணைத்துவிட்டு எழுந்து செல்லலாம். தோட்டத்தில் பேர் இழந்தவளுக்கு அவ்வசதியில்லை. ஆயினும் செலவாகும் பொழுது மெய்யானது. தரவு அட்டைக்குக் கொடுக்கும் பணமும் மெய்யானது. அனைத்திலும் மெய்யானது, 'உனக்கு ஏற்ற இடம் இதுவே' என்று பழகிப்போகும் மனம். பொழுதுபோக்கிலும் அடிவரிசையையே தனக்குரியதெனத் தெரிந்தெடுக்கும் மனத்தைத்தான் நூற்றைம்பது ஆண்டுகாலத் தோட்டமுறை உருவாக்க முயன்றது. அம்மனத்துக்கு வானத்திலும் உரமிடுதல் தகாது.

அவ்வாறாயின் புதியவன் செய்யத்தக்கது யாது? அவ்வுலகின் அமைப்பிலேயே அதற்கான விடையும் இருக்கிறது. தொடக்கப் பயிற்சிகளுள் ஒன்றை மட்டும் முடித்துவிட்டுத் தோண்டப் போகாமல், போர், ஆய்வு, தொழில் ஆகிய துறைகளுக்குரிய பயிற்சிகள் யாவற்றையும் அவன் முதலில் முடித்தல் வேண்டும். பின்னர் முதலீடு குறைந்ததும் அறிவு மிகுந்ததுமான துறையைத் தேர்தல் வேண்டும். நுண்ணாய்வுக் கருவிகள் பொருத்திய மலிவான சிறுகப்பலொன்று போதும். காவலற்ற தொலை மண்டலங்களில் மறைந்து கிடக்கும் தொல்பொருட் தளங்களைத் தேடிச் சென்று, பல நாள் தோண்டினாலும் கிட்டாத பொருளை ஒரே பயணத்திற் கொணர இயலும். கப்பல் தகர்ந்தாலும் இழப்புச் சிறிது. இழக்கத் தாங்கக்கூடியதை மட்டுமே ஓட்டு என்பது அங்குள்ளோரின் முதல் விதி. அவ்விதியை மறந்து, சேமித்த யாவற்றையும் ஒரே கப்பலில் இட்டவர்கள் மீண்டதில்லை. மெய்ப்பணத்தை மட்டும் ஒருபோதும் உள்ளே கொண்டுசெல்லலாகாது.

இரண்டாவது, தனித்து நில்லாமை. பகைவனின் பெருங்கப்பல் தப்பியோடாதவாறு பிடித்து நிறுத்தும் கருவியை, நேற்றுத் தொடங்கியவனின் சிறுகப்பலும் ஏந்தலாம். ஒருவனாற் பிடிக்க முடியாததைப் பலர் பிடிப்பர். 2000களின் நடுப்பகுதியில் ஓர் இணைய மன்றத்திலிருந்து திரண்டு வந்த புதியவர்கள், மலிவான சிறுகப்பல்களிற் கூட்டம் கூட்டமாகச் சென்று, தம்மினும் பன்மடங்கு வலிய பழையவர்களைத் திணறடித்தனர். கூன்ஸ்வாம் என அறியப்பட்ட அக்கூட்டமே பின்னர் அவ்வானத்தின் பெரிய வல்லரசுகளுள் ஒன்றாகிற்று என்பதையும் மறைக்கலாகாது. கூலிகளின் பெயராற் தொடங்கிய அமைப்பு துரைத்தனமாக முடிவதை மலையகமும் கண்டிருக்கிறது. ஆகவே சேரும் முன்னர்க் கேட்கவேண்டிய கேள்விகள் உள: வரி எத்தனை வீதம்? தாதுவுக்கு என்ன விலை? கூட்டத்துக்காகப் போரிட்டு இழந்த கப்பலுக்கு ஈடு தரப்படுமா? இவற்றுக்கு நேர்விடை தராத அமைப்பிற் சேர்வதினும் சேராதிருத்தல் நன்று. 2004ஆம் ஆண்டு முதற் புதியவர்க்குப் பாடம் நடத்திவரும் 'ஈவ் யூனிவேசிற்றி' என்னும் அமைப்பு, தன் கையேடுகளை எவரும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறது. அதனையொத்த கையேடு தமிழில் இல்லாமையே குறை.

பழி இங்குதான் தமிழ்ச் சங்கங்கள் மீது விழுகிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் இந்தியத் தமிழரெனப் பதியப்பட்டோர் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இவ்வானத்தைப் படைத்த ஐஸ்லாந்தின் மக்கட்டொகை நான்கு இலட்சத்தை எட்டாதது. சிறுபான்மை என்பதும் சிறு மொழி என்பதும் காரணங்களாகா. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்ததோடு நில்லாது, உரிமைகளைத் தமிழில் எழுதி அச்சிட்டுத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுசென்றார். எந்த விதிகளின்கீழ்த் தான் வேலை செய்கிறான் என்பதைத் தன் மொழியில் வாசித்தறிந்த தொழிலாளியைக் கங்காணி அஞ்சினான். இன்றைய விதிகள் கணினித்திரையில் எழுதப்படுகின்றன. இன்று விளையாட்டில், நாளை வேலையில், வங்கியில், கூலிக் கணக்கில். அவற்றைத் தமிழில் விளக்கும் பணியை விளையாட்டிலிருந்து தொடங்குவதில் இழுக்கொன்றுமில்லை. இளைஞர் ஏற்கனவே நிற்கும் இடம் அதுவே.

ஈவ் உலகின் தலைமைக் கணினி நிற்பது இலண்டனில். நாள்தோறும் இலங்கை நேரம் மாலை நாலரைக்கு அது சிறிதுநேரம் நிறுத்தப்பட்டு மீளத் தொடங்கப்படுகிறது. இலண்டன் தேயிலை ஏலம் 1998இல் மூடப்படும்வரை, கொழுந்து கிள்ளிய விரல்கள் அறியாத அறையொன்றில் அவற்றின் விலை பேசப்பட்டது. அடுத்த தலைமுறையின் பொழுதுக்கும் திறனுக்கும் வேறெங்கோ விலை பேசப்படும்போது, பொகவந்தலாவையின் பிள்ளைகள் அதனைத் தம் மொழியிற் கேட்டறியப் போகின்றனரா, அன்றிக் கூடையோடு வரிசையில் நிற்கப் போகின்றனரா? வானம் திறந்திருக்கிறது என்று சொல்வது எளிது. யார் எந்த வாசலால் உள்ளே விடப்படுகிறார் என்று கேட்பதே கற்றோர் கடன்.