மூலப்படத்தை அழித்துவிடாதீர்கள்

புதிதாகப் படம்பிடிக்கத் தொடங்கும் இளைஞர்கள் என்னிடம் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றது. "எந்தக் கமரா வாங்கலாம்?" என்பதே அது. எத்தனை மெகாபிக்சல், கனனா நிக்கொனா, எந்த வில்லை என்று அக்கேள்வி கிளைவிட்டு நீண்டுகொண்டே போகும். எடுத்த படத்தைக் கணினியில் ஏற்றிய பின்னர் அதனை என்ன செய்வது, என்ன செய்யாமல் விடுவது என்று கேட்பவர்களோ மிகச் சிலர். நீண்டகாலம் பத்திரிகைப் பணியில் இருந்து, எத்தனையோ படங்களைத் தெரிவுசெய்தும் நிராகரித்தும் பழகியவன் என்ற முறையில், இந்த இரண்டாவது கேள்வியே முதன்மையானது என்பது எனது உறுதியான கருத்தாகும். அதிலும் திருகோணமலை போன்றதொரு மண்ணில் கமராவைக் கையில் எடுப்பவருக்கு அது உயிர்க்கேள்வி.

கருவி பற்றிய கேள்விக்கு விடை சுருக்கமானது. பாலையூற்றில் இருந்துகொண்டு லூர்து அன்னை திருத்தலத்தையும், கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும், கோணேசர் மலையையும் படம்பிடிக்க விரும்பும் ஒருவருக்கு விலையுயர்ந்த கமரா தேவையில்லை. நல்ல நிலையில் உள்ள பழைய டிஜிட்டல் கமரா ஒன்றும், 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்றும் போதும். அவற்றுக்குச் செலவிடும் பணத்தில் சிறு பங்கை, அவற்றைக் காப்பதற்கும் ஒதுக்க வேண்டும். எங்கள் கடற்காற்றில் உப்பும் ஈரமும் மிகுதி. கமராவை மாதக்கணக்கில் அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் வில்லையின் உள்ளே பூஞ்சணம் படரும். காற்றுப் புகாத பெட்டி ஒன்றும் சில சிலிக்கா ஜெல் பொதிகளும் அதனைத் தடுக்கும்.

ஒளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருகோணமலை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய எட்டரைப் பாகை வடக்கே உள்ளது. நண்பகல் ஒளி உச்சியில் இருந்து இறங்குவதால் முகங்களில் கண்கள் இருக்கும் இடம் இருள்குழியாகிவிடும். கிழக்குக் கரையாதலால் கடற்கரையில் காலை ஒளியே எங்களுக்குப் பெருங்கொடை. இன்னொன்று, வெண்மணலும் பளிச்சிடும் கடலும் சட்டத்தை நிறைக்கும்போது கமராவின் ஒளிமானி ஏமாந்துபோகும். காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே அது கணக்கிடுகின்றது. ஆகையால் மணல் மங்கி, மனிதர் கறுத்துவிடுவர். ஒளியளவை ஒரு படி கூட்டிவைத்தால் இக்குறை நீங்கும். இவையெல்லாம் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளக் கூடியவை.

கற்றுக்கொள்ளக் கடினமானது திருத்தத்தின் எல்லை.

படங்களைத் திருத்துவது கணினியுடன் வந்த பழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. படச்சுருள் காலத்து இருட்டறையில் ஒரு பகுதியை வெளிறச் செய்வதும் இன்னொரு பகுதியைக் கறுக்கச் செய்வதும் அன்றாட வேலையாக இருந்தன. எமது தீவின் மிகச் சிறந்த புகைப்படக் கலைஞர்களுள் ஒருவரான லயனல் வென்ட் (1900 - 1944) சட்டம் பயின்றவர், பியானோக் கலைஞர். படங்களை ஒன்றன்மீது ஒன்றாகச் சேர்த்தும், இருட்டறையிலேயே ஒளியைப் பாய்ச்சித் தொனிகளைத் தலைகீழாக்கியும் அவர் புதுமைகள் பல செய்தார். அவற்றைப் பொய்யென்று எவரும் கூறமாட்டார். ஏனெனில் அவை கலை என்றே முன்வைக்கப்பட்டன. "இது இவ்வாறு நடந்தது" என்று அவை சாட்சி சொல்லவில்லை.

சாட்சி சொல்லும் படம் வேறு. அதற்கு எங்கள் ஊரே உதாரணம்.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அண்மையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுசென்ற கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று படைத்தரப்பில் கூறப்பட்டது. சுப்பிரமணியம் சுகிர்தராஜன் என்பவர் அந்த உடல்களைப் படம்பிடித்தார். துறைமுகத்தில் தொழில் பார்த்துக்கொண்டு, 'சுடர் ஒளி' நாளிதழுக்குப் பகுதிநேரச் செய்தியாளராகவும் பணிபுரிந்தவர் அவர். அப்படங்கள் பத்திரிகையில் வெளிவந்தபோது, துப்பாக்கிச் சூட்டுக் காயங்களை உலகம் கண்டது. கைக்குண்டுக் கதை அத்துடன் சரிந்தது. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குச் செல்வதற்காக வீதியில் காத்து நின்றபோது சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது கொலைக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. மாணவர் கொலை வழக்கில் 2013இல் விசேட அதிரடிப்படையினர் கைதுசெய்யப்பட்டனர். எனினும் 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லையென்று கூறப்பட்டுச் சந்தேகநபர்கள் அனைவரும் விடுவிக்கப்பட்டனர்.

சாட்சிகள் அச்சுறுத்தப்பட்டு ஊரைவிட்டும் நாட்டைவிட்டும் போயினர். அந்தப் படங்கள் மட்டும் போகவில்லை. நீதிமன்றம் எதைச் சொன்னாலும், அம்மாணவர்கள் எவ்வாறு இறந்தார்கள் என்பதை மறைக்க முடியாதபடி அவை நிற்கின்றன.

இங்கே ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். காயம் தெளிவாகத் தெரியட்டும் என்ற நல்லெண்ணத்திலேனும் யாராவது அப்படங்களில் ஒரேயொரு படத்தில் ஒரு கறையைக் கூட்டியிருந்தால் என்னவாகியிருக்கும்? மறுப்பவர்களுக்கு அந்த ஒன்றே போதுமாயிருந்திருக்கும். ஒரு படம் பொய்யென்று காட்டிவிட்டால் மற்றவற்றையும் தள்ளிவிடலாம் அல்லவா?

இது வெறும் ஊகமன்று. அதே 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், இஸ்ரேலியத் தாக்குதலுக்குள்ளான பெய்ரூத் நகரின் புகை மண்டலத்தை ரொய்ட்டர்ஸ் நிறுவனத்தின் பகுதிநேரப் படப்பிடிப்பாளர் அட்னான் ஹஜ் கணினியில் பெருப்பித்துக் காட்டினார். நகரில் குண்டு விழுந்தது உண்மை. புகை எழுந்ததும் உண்மை. ஆயினும் கூட்டப்பட்ட புகை கண்டுபிடிக்கப்பட்டதும், அந்நிறுவனம் அவருடைய 920 படங்களையும் விற்பனையிலிருந்து அகற்றியது. அதன்பின் பலரது பேச்சு குண்டுவீச்சைப் பற்றியதாக இருக்கவில்லை; மோசடியைப் பற்றியதாகவே இருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன்னர், ஈராக்கின் பஸ்ராவில் எடுத்த இரு படங்களை ஒன்றாக இணைத்ததற்காக லொஸ் ஏஞ்சல்ஸ் ரைம்ஸ் தனது படப்பிடிப்பாளர் பிரையன் வோல்ஸ்கியைப் பணிநீக்கம் செய்தது. இரு படங்களும் சில கணங்களே இடைவெளியில் எடுக்கப்பட்டவை. அழகுக்காகவே அவர் இணைத்தார்.

"எந்தப் படந்தான் முழு உண்மை? நிற்கும் இடம், சட்டத்தின் எல்லை, அழுத்தும் கணம் எல்லாமே எடுப்பவரின் தெரிவுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அத்தெரிவுகள் அனைத்தும், கமராவுக்கு முன்னால் இருந்தவற்றுள் எதைக் காட்டுவது என்பது பற்றியவை. இல்லாததைச் சேர்ப்பதும் இருந்ததைத் துடைப்பதும் அவ்வாறல்ல. முன்னையது ஒருவர் தம் கண்ணால் கண்டதைக் கூறுவது. பின்னையது காணாததைக் கண்டதாகக் கூறுவது. ஒருவர் சொல்வது முழுமையற்றது என்பதற்காக, இன்னொருவர் பொய் சொல்லலாம் என்றாகிவிடாது.

ஆகவே பொழுதுபோக்காகப் படம்பிடிப்பவர்களுக்கும் சில பழக்கங்களைப் பரிந்துரைக்கின்றேன்.

முதலாவது, கமரா தந்த மூலக்கோப்பைத் தொடவே தொடாதீர்கள். பிரதியொன்றை எடுத்து அதில் திருத்துங்கள். ஜேபெக் கோப்பு ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கப்படும்போதும் சிறிது தரம் இழக்கின்றது என்பதையும் மறவாதீர்கள். உங்கள் கமராவில் ரோ கோப்பாகப் பதியும் வசதி இருந்தால் முக்கியமான நிகழ்வுகளை அவ்வாறும் பதிந்துவையுங்கள்.

இரண்டாவது, கமராவின் கடிகாரத்தைச் சரியாக வையுங்கள். படத்துடன் திகதியும் நேரமும் பதிவாகின்றன. மின்கலம் தீர்ந்து கடிகாரம் பின்னோக்கிச் சென்றிருந்தால், உண்மையான படமே தன் திகதியைப் பற்றிப் பொய் சொல்லும்.

மூன்றாவது, எங்கே, எப்போது, யார் என்பதை அன்றிரவே எழுதிவையுங்கள். பத்தாண்டு கழித்து நினைவை நம்ப முடியாது.

நான்காவது, வட்ஸ்அப் வழியாக அனுப்பிய படத்தை மூலப்படமாகக் கருதாதீர்கள். வழமையான முறையில் அனுப்பும்போது அது சுருக்கப்படுகின்றது. உள்ளே பதிந்திருந்த விபரங்களும் நீங்கிவிடுகின்றன. அவசியமானால் ஆவணக் கோப்பாக அனுப்புங்கள்.

ஐந்தாவது, இரண்டு பிரதிகளை இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். 1983, 1990 இடப்பெயர்வுகளிலும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும் எங்கள் மக்கள் இழந்தவற்றுள் குடும்பப் படங்கள் எத்தனை! ஊரில் ஒரு பிரதியும் ரொறன்ரோவில் ஒரு பிரதியும் இருந்தால், ஒரு வெள்ளமோ ஒரு தீயோ இரண்டையும் அழித்துவிட முடியாது. புலம்பெயர்ந்த உறவினர்கள் ஊருக்குச் செய்யக்கூடிய எளிய உதவிகளுள் இதுவும் ஒன்று.

ஒளியைக் கூட்டலாம், குறைக்கலாம், சாய்ந்த தொடுவானை நிமிர்த்தலாம், ஓரத்தை வெட்டலாம். திருமணப் படத்தில் மாப்பிள்ளையின் முகப்பருவை நீக்கினால் உலகம் அழிந்துவிடாது. ஆனால் நடந்த ஒன்றின் ஆவணமாக வைக்கும் படத்தில், ஒரு மின்கம்பியைக்கூட அழிக்காதீர்கள்.

இன்றைய கைப்பேசிகள் விரலால் தொட்டதும் ஒரு மனிதரையே படத்திலிருந்து மறையச் செய்கின்றன. எடுக்கப்படாத படத்தைச் செயற்கை நுண்ணறிவு வரைந்தும் தருகின்றது. இதற்கு மாற்றாக, எப்போது, எந்தக் கமராவால் எடுக்கப்பட்டது, பின்னர் என்ன திருத்தப்பட்டது என்பதை மின்முத்திரையாகப் படத்துடனேயே பிணைக்கும் முறை உருவாகியுள்ளது. 2023இல் வெளிவந்த லைக்கா எம்11-பி அம்முத்திரையைத் தானே இடும் முதற்கமரா. அதன் விலை எங்களில் பெரும்பாலோருக்கு எட்டாதது. ஆயினும் தொடப்படாத ஒரு மூலக்கோப்பு, சரியான ஒரு திகதி, அன்றே எழுதிய ஒரு குறிப்பு ஆகிய மூன்றும் எவருக்கும் செலவின்றிக் கிடைப்பவை.

போலிகள் பெருகப் பெருக, "இதுவும் போலிதான்" என்று மெய்யான படத்தை மறுப்பதும் எளிதாகின்றது. அவ்வாறு மறுப்பவர்கள் எங்கள் நாட்டில் எப்போதும் இருந்திருக்கின்றார்கள். அவர்களுக்கு நாமே வாய்ப்பளித்துவிடக் கூடாது. உங்கள் வன்தட்டில் இன்று உறங்கும் படங்களுள் எது நாளை சாட்சியாக அழைக்கப்படும் என்று எவராலும் இப்போதே கூற முடியாது. எனவே எல்லாவற்றையும் சாட்சியாகவே காத்துவையுங்கள்.