பாக்கெட் வாட்ச் வேட்டையும் நம்ம வீரப் பிரதாபமும்

"பழைய பாக்கெட் வாட்ச் எல்லாம் எங்க பாஸ் புடிக்கிறீங்க?"

நான் இந்தக் கிறுக்கு பிடிச்சவன்னு தெரிஞ்ச நாளிலிருந்து பொட்டி தட்டுற இடத்திலும் சரி, கல்யாணப் பந்தியிலும் சரி, இதே கேள்விதான். வழக்கமான பதில் ஒண்ணு ரெடியா வச்சிருப்பேன். மும்பை சோர் பஜார், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு, புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமை சந்தை. சென்னைன்னா மூர் மார்க்கெட். (அசல் கட்டடம் 1985-லயே எரிஞ்சு போச்சு. இப்ப இருக்கிறது பேர் மட்டும்தான்.) அங்கெல்லாம் போனா என்ன கிடைக்கும்? பித்தளை மூடியில ரயில் எஞ்சின் பொறிச்சு, உள்ளே பத்து ரூபா பேட்டரி மிஷினைப் போட்டு, 'நூறு வருஷம் சார்'னு ஒண்ணை நீட்டுவாங்க. நானே ரெண்டு வாங்கியிருக்கேன், ஹிஹி. அதுல எனக்கு வருத்தமே இல்லை. கடைக்காரருக்கு விலை தெரியும், நமக்கும் தெரியணும். தெரியலைன்னா நம்ம தலையெழுத்து. சமமான ஆட்டம்.

இந்தப் பதிவு அதைப் பத்தி இல்லை. சேகரிப்பாளர்கள் கண்ணடிச்சுக்கிட்டே சொல்ற இன்னொரு இடத்தைப் பத்தி. "கிராமத்துக்குப் போ மச்சி. கிழவிங்ககிட்ட பொட்டியில தூங்கும். முந்நூறு நானூறு கொடுத்தா போதும்." இதைச் சொல்லும்போது முகத்துல ஒரு பெருமை பாருங்க, புலி வேட்டையாடிட்டு வந்த ஜமீன்தார் தோத்தார்.

கிராமத்துல வாட்ச் இருக்கிறது நிஜம்தான். எங்க கள்ளக்குறிச்சி பக்கத்தையே எடுத்துக்குங்க. இது மாவட்டமானதே 2019-ல்தான். எங்களுக்கு ரொம்ப காலமா ரயில் ஸ்டேஷன்னா சேலம் - விருத்தாசலம் பாதையில இருக்கிற சின்னசேலம். ரயில்வேயில இருந்த குடும்பங்கள், மிராசு குடும்பங்கள், மேலே கல்வராயன் மலையில 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள். நேரத்துக்குக் கட்டுப்பட்டவனுக்கும் பாக்கெட் வாட்ச் உண்டு, நேரமே தேவைப்படாத பெரிய மனுஷனுக்கும் சங்கிலி போட்ட வாட்ச் உண்டு. 1886-ல் பம்பாய்ல ஆரம்பிச்ச வெஸ்ட் எண்ட் கம்பெனி ஸ்விஸ் வாட்சுகளை இந்தியா முழுக்கக் கொண்டு போச்சு. மெட்ராஸ் மவுண்ட் ரோட்ல பி.ஆர் அண்ட் சன்ஸ் தன் பேரையே டயல்ல போட்டு வித்தது. கையில காசு கம்மின்னா ராஸ்காப். 1867-ல் தொழிலாளி வாங்கற விலைக்குன்னே ஸ்விட்சர்லாந்துல உருவான மாடல் அது. அப்புறம் நம்ம எச்.எம்.டி.யும் பாக்கெட் வாட்ச் போட்டுச்சு. ஆக இருக்கு. எப்படி எடுக்கிறோம்கிறதுதான் சண்டை.

இனி என் யோக்கியதையைச் சொல்லிடறேன். கச்சிராயபாளையம் தாண்டி, மலை ஏறுறதுக்கு முன்னாடி ஒரு ஊர். கோமுகி அணைக்குப் போயிட்டுத் திரும்பும்போது டீ குடிக்க நின்னோம். பேச்சு எங்கெங்கோ போய் வாட்ச்ல வந்து நின்னுச்சு. டீக்கடை ஆயா உள்ளே போய் ஒரு துணி முடிச்சை எடுத்துட்டு வந்துச்சு. வெள்ளிக் கேஸ், பீங்கான் டயல், அதுல ஒரு முடி அளவு விரிசல், வெஸ்ட் எண்ட். "எங்க மாமனாரு ரயில்ல வேலை பாத்தாரு. அவரோடது சாமி. ஓடல. நீயே எதுனா குடு"ன்னுச்சு. நானூறு கொடுத்தேன். வீட்டுக்கு வர்ற வரைக்கும் வாயெல்லாம் பல்லு. அடுத்த ஒரு வாரத்துக்கு இந்த வீரப் பிரதாபத்தைக் கேட்காத நண்பன் கிடையாது.

கள்ளக்குறிச்சியில நான் வழக்கமா போற ரிப்பேர் கடை பாய்கிட்ட கொண்டு போனேன். கண்ணுல லென்ஸை மாட்டி, பின்மூடியைத் திறந்து, உள்பக்கத்தை வெளிச்சத்துல சாய்ச்சுக் காட்டினார். ஊசியால கீறின மாதிரி பொடிப் பொடியா எழுத்து. 58, 61, 66, 70. ரிப்பேர் பண்றவங்க துடைச்சு எண்ணெய் போடும்போது கீறி வைக்கிற வருஷம் அது. மூணு நாலு வருஷத்துக்கு ஒருக்கா அந்தக் குடும்பம் பஸ் ஏறி வந்து இதைப் பார்த்துட்டுப் போயிருக்கு.

"எவ்வளவு தம்பி குடுத்தீங்க?"

"நானூறு பாய்."

பாய் ஒண்ணும் சொல்லலை. கேஸை உள்ளங்கையில வச்சு எடை பார்த்தார். "வெள்ளியே இதைப் போல பத்து மடங்கு வருமே தம்பி"ன்னார். அவ்வளவுதான்.

நம்ம ஆளுங்க சொல்ற முதல் சால்ஜாப்பு, "நான் வாங்கலைன்னா உருக்கிடுவாங்க." பாதி உண்மை. வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டினதிலிருந்து கேஸைக் கழட்டி எடைக்குப் போட்டுட்டு மிஷினைத் தகர டப்பாவுல எறியறது ஜாஸ்தியாயிடுச்சுன்னு பாயே புலம்பினார். ஆனா ஒண்ணு கவனிங்க. உருக்குறவனாவது எடை போட்டுக் காசு கொடுக்கிறான். நாம எடைக்கும் கீழே கொடுத்துட்டு 'வரலாற்றைக் காப்பாத்தினேன்'னு காலரைத் தூக்கி விட்டுக்கிறோம். இதுக்குப் பேர் காப்பாத்துறதா?

ரெண்டாவது சால்ஜாப்பு, "விலை தெரியாதது அவங்க தப்பு." அப்படியா? மார்க்கெட் ரேட் தெரியாம கம்மி சம்பளத்துக்கு ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போட்டுட்டேன்னு நாம புலம்பாத டீக்கடை உண்டா? அப்ப மட்டும் கம்பெனிக்காரன் அயோக்கியன். 2009 மார்ச்சுல காந்தியோட ஜெனித் பாக்கெட் வாட்ச், கண்ணாடி, செருப்பு, தட்டு, கிண்ணம் எல்லாம் நியூயார்க்ல ஏலத்துக்கு வந்து 18 லட்சம் டாலருக்குப் போச்சே, அப்ப நாடே கொதிச்சுது. நம்ம பாரம்பரியத்தை எவனோ விக்கிறான்னு. டீக்கடை ஆயா முடிச்சு மட்டும் பாரம்பரியம் இல்லை போல.

வாங்கவே கூடாதுன்னு நான் சொல்ல வரலை. 'வெள்ளிக்கே இவ்வளவு வரும், வாட்சா வித்தா இவ்வளவு வரும், நான் இவ்வளவு தரேன்'னு சொல்லிட்டு வாங்குங்க. தரமாட்டேன்னா ஓட வச்சாவது கொடுத்துட்டு வாங்க. யார் கட்டினது, என்ன வேலை பார்த்தார்னு எழுதி வைங்க. அது போனா மிச்சம் இருக்கிறது வெறும் பல்சக்கரம். டயல்ல பெயிண்ட் அடிச்சுப் புதுசாக்குற புண்ணியவான்களைத் தனியா கவனிக்கணும், இன்னொரு நாள்.

அப்புறம் ரிப்பேர் கடைக்குப் போனா டிராயரை மட்டும் நோண்டிட்டு வராதீங்க. ஒரு வாட்சைக் கொடுத்து முழு சர்வீஸ் பண்ணி, கேட்ட கூலியைக் கொடுங்க. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூடறதுன்னு 2016-ல் மத்திய அமைச்சரவை முடிவு பண்ணிடுச்சு. சாவி கொடுக்கிற வாட்ச் குறைஞ்சு, பாய்க்கு இப்ப வர்றதெல்லாம் பேட்டரியும் பட்டையும்தான். நம்ம வாட்சுகள்ல அடிக்கடி உடையறது பேலன்ஸ் ஸ்டாஃப், தலைமுடி கனத்துக்கு முனை இருக்கிற அச்சு. புதுசு கிடைக்காது, குட்டி லேத்துல கடைஞ்சுதான் எடுக்கணும். எங்க ஊர்ல அதைக் கடையத் தெரிஞ்ச கை எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான். அந்தக் கடைக்குப் பூட்டு விழுந்தா நாம சேர்க்கிற அத்தனையும் பேப்பர் வெயிட்டு.

மறுபடி கச்சிராயபாளையம் பக்கம் போனேன். மீதிக் காசை நீட்டினப்ப ஆயா ரொம்ப நேரம் என்னையே பார்த்துச்சு. அப்புறம் வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டுக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"ஓடுதா?"

"இல்ல ஆயா. உள்ள ஒரு அச்சு உடைஞ்சிருக்கு. செஞ்சுக்கிட்டிருக்காங்க."

"ஓடுனா ஒருக்கா எடுத்தா சாமி. பேரன் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்ல."

வாட்ச் இன்னும் பாய் கடையிலதான் இருக்கு. தீபாவளிக்குள்ள முடிச்சுடலாம்னு சொல்லியிருக்கார். எந்த தீபாவளின்னு சொல்லலை.

பி.கு: கடை எந்தத் தெருன்னு யாரும் கேட்காதீங்க. ரிப்பேருக்கு வாட்ச் இருந்தா சொல்லுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்.